எட்டு கவுண்டிகள், இரண்டு ஜேம்ஸ்கள்: வர்ஜீனியாவின் முதல் காங்கிரஸ் தேர்தல்

1788 நவம்பர் 8 அன்று ரிச்மண்ட் நகரில் கூடிய வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றம், பிறக்கவிருந்த அமெரிக்க செனட்டுக்கு இருவரைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய முறைப்படி செனட்டருக்கு மக்கள் வாக்களிப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள்தான் வாக்களிப்பார்கள். ரிச்சர்ட் ஹென்றி லீக்கு 98, வில்லியம் கிரேசனுக்கு 86, ஜேம்ஸ் மேடிசனுக்கு 77. வென்ற இருவரும் புதிய அரசியல் சாசனத்தை எதிர்த்தவர்கள். தோற்றவரோ அந்தச் சாசனம் உருவாவதற்கு மற்ற யாரையும்விட அதிகமாக உழைத்தவர்.

இந்தத் தோல்வியை ஏற்பாடு செய்தவர் பேட்ரிக் ஹென்றி. புரட்சிக் காலத்தின் பெரும் பேச்சாளர், ஐந்து முறை கவர்னர், சட்டமன்றத்தைத் தன் விரலசைவில் வைத்திருந்தவர். அதே ஆண்டு ஜூன் மாதம், சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வர்ஜீனியா கூட்டிய மாநாட்டில் அவர் நாள்கணக்கில் எதிர்த்துப் பேசினார். மெலிந்த உடலும் தாழ்ந்த குரலும் கொண்ட மேடிசன், கையில் குறிப்புகளோடு எழுந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முடிவில் 89க்கு 79 என்ற கணக்கில் சாசனம் நிறைவேறியது. மாநாட்டில் தோற்ற ஹென்றிக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. மேடிசனை செனட்டுக்கு அனுப்பினால் நாட்டில் ரத்தம் ஓடும் என்கிற தொனியில் அவர் பேசியதாக மேடிசனின் நண்பர்கள் கடிதம் எழுதினார்கள்.

மேடிசனுக்கு இது பெரிய அதிர்ச்சி அல்ல. செனட்டைவிட மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபைக்குப் போகவே அவர் விரும்பினார். ஆனால் அந்தச் சபைக்கான தேர்தலை எப்படி நடத்துவது என்று முடிவு செய்வதும் அதே சட்டமன்றம்தான்.

சாசனத்தின் முதல் பிரிவு, தேர்தலின் நேரம், இடம், முறை மூன்றையும் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டிருந்தது. வேண்டுமானால் காங்கிரஸ் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் தேர்தலின்போது மாற்றுவதற்குக் காங்கிரஸே இல்லை. ஆகவே மாநிலங்கள் தத்தம் மனம்போல் நடத்தின. பென்சில்வேனியா தனக்குரிய எட்டு இடங்களுக்கும் மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து வாக்கெடுத்தது. மேரிலாந்து ஆறு தொகுதிகளை வரைந்தது. வேட்பாளர் தன் தொகுதியில் வசிக்க வேண்டும், ஆனால் ஆறு இடங்களுக்கும் மாநில வாக்காளர் அனைவரும் வாக்களிக்கலாம் என்றது. மாசசூசெட்ஸில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் வெற்றி. மேற்குப் பகுதியில் ஒரு தொகுதி ஐந்து சுற்று வாக்களித்த பிறகே தன் உறுப்பினரைக் கண்டது. நியூ ஜெர்சியின் சட்டத்தில் வாக்குப்பதிவு தொடங்கும் நாள் இருந்தது, முடியும் நாள் இல்லை. பிப்ரவரியில் திறந்த வாக்குச்சாவடியை எசெக்ஸ் கவுண்டி ஏப்ரல் கடைசி வரை மூடவில்லை. அதற்குள் காங்கிரஸ் கூடி வேலையே தொடங்கிவிட்டது.

வர்ஜீனியாவுக்குப் பத்து இடங்கள். வேறெந்த மாநிலத்துக்கும் அத்தனை இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்தில் சேர்த்துக்கொள்ள சாசனம் அனுமதித்ததும் அந்தப் பத்துக்கு ஒரு காரணம். 1790ஆம் ஆண்டின் முதல் கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7,47,610. அதில் 2,92,627 பேர் அடிமைகள். அவர்களுடைய தலைகள் மாநிலத்தின் இடங்களைக் கூட்டின. அவர்களுக்கு வாக்கு இல்லை. இந்தக் கட்டுரையில் இனி வரும் எண்களையெல்லாம் இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

நவம்பர் இறுதிக்குள் சட்டமன்றம் மாநிலத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்தது. மேடிசனின் ஊர் இருந்த ஆரஞ்ச் கவுண்டியோடு ஆல்பமார்ல், ஆம்ஹர்ஸ்ட், கல்பெப்பர், ஃபுளுவானா, கூச்லண்ட், லூயீசா, ஸ்பாட்சில்வேனியா என ஏழு கவுண்டிகளைச் சேர்த்து ஐந்தாம் தொகுதி ஆக்கினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: வேட்பாளர் அந்தத் தொகுதியில் நிலம் உள்ளவராக, பன்னிரண்டு மாதம் வசித்தவராக இருக்க வேண்டும். சாசனம் கேட்டதெல்லாம் 25 வயது, ஏழு ஆண்டுக் குடியுரிமை, தேர்தலின்போது அந்த மாநிலத்தில் வசிப்பு ஆகிய மூன்றுதான். தொகுதியில் வசிக்க வேண்டும் என்பது வர்ஜீனியா சேர்த்துக்கொண்டது. வேறு தொகுதிகளில் நிற்கச் சொல்லி மேடிசனுக்கு அழைப்பு இருந்தது. அந்த வழியை இந்த நிபந்தனை அடைத்தது.

தொகுதியின் வரைபடத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரால் ‘கெர்ரிமாண்டர்’ என்ற சொல் பிறந்தது 1812இல்; அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே ஹென்றி அந்த வேலையைச் செய்துவிட்டார் என்பது பரவலான கதை. அன்றைய மேடிசன் ஆதரவாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. ஜூன் மாநாட்டுக்கு ஒவ்வொரு கவுண்டியும் இரண்டு பேரை அனுப்பியிருந்தது. இந்த எட்டில் ஆம்ஹர்ஸ்ட், கல்பெப்பர், ஸ்பாட்சில்வேனியா, கூச்லண்ட், ஃபுளுவானா ஆகிய ஐந்தின் உறுப்பினர்களும் சாசனத்துக்கு எதிராக வாக்களித்தவர்கள். ஆரஞ்சும் ஆல்பமார்லும் ஆதரவு. லூயீசாவில் ஆளுக்கொரு பக்கம்.

ஆனால் வரைபடத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. கெர்ரியின் தொகுதி பல்லி போல வளைந்து நெளிந்து ஓடியது. இதுவோ ஒன்றையொன்று ஒட்டிய எட்டு முழுக் கவுண்டிகள். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் கல்பெப்பர், ஸ்பாட்சில்வேனியா, லூயீசா, ஆல்பமார்ல். மேற்கே நீலமலைத் தொடர். அதைத் தாண்டாமல் ஆரஞ்சைச் சுற்றி யார் தொகுதி வரைந்தாலும் இந்த நான்கில் பெரும்பாலானவை உள்ளே வந்தே தீரும். தென்மேற்கில் ஆம்ஹர்ஸ்ட்டை இழுத்துச் சேர்த்ததை வேண்டுமானால் கேள்வி கேட்கலாம். அதுவும் ஆல்பமார்லின் எல்லையிலேயே கிடக்கிறது. ஹென்றியின் உள்நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவருடைய உண்மையான ஆயுதங்கள் வசிப்பு நிபந்தனையும், எதிரே நிறுத்திய ஆளும்தான் என்பது என் கருத்து.

அந்த ஆள் ஜேம்ஸ் மன்றோ. வயது 30; மேடிசனுக்கு 37. பதினெட்டு வயதில் டிரென்டன் போரில் குண்டடிபட்டுப் பிழைத்த வீரர். ஸ்பாட்சில்வேனியாவில் ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரத்தில் வழக்கறிஞர். மாநாட்டில் சாசனத்தை எதிர்த்து வாக்களித்தவர், ஆனால் ஹென்றியைப் போல இடிமுழக்கம் செய்பவரல்லர். திருத்தினால் ஏற்கலாம் என்ற நிதானக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக மேடிசனின் நண்பர். இருவரையும் சேர்த்துவைத்தவர் அப்போது பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன். நியூ யார்க் மாநிலத்தின் மோஹாக் பள்ளத்தாக்கில் இருவரும் கூட்டாக நிலம் வாங்கியிருந்தார்கள். பங்காளிகளை எதிரெதிரே நிறுத்துவதில் ஹென்றி வல்லவர்.

யாருக்கு வாக்கு இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 21 வயது நிரம்பிய வெள்ளை ஆண், சொந்தமாக நிலம் உள்ளவர். வீடு கட்டிய நிலமென்றால் 25 ஏக்கர் போதும். வெறும் நிலமென்றால் 50. பெண்களுக்கு இல்லை, குத்தகைக்கு உழுபவருக்குப் பெரும்பாலும் இல்லை. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் பூர்வகுடியினருக்கும் 1723ஆம் ஆண்டுச் சட்டமே வாக்கைப் பறித்திருந்தது.

வாக்களிப்பதும் வாய்மொழியாகத்தான். கவுண்டி நீதிமன்றத்தில் ஷெரிஃப் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் எழுத்தர்கள் பேரேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். வாக்காளர் முன்னே வந்து, கூடியிருக்கும் ஊரார் காதில் விழ, யாருக்குத் தன் வாக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அந்த வேட்பாளரின் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதிக்கொள்வார். வேட்பாளர் அங்கே இருந்தால் எழுந்து, பெயர் சொல்லி நன்றி கூறுவது மரியாதை. நிலச்சுவான்தார், கடன் கொடுத்தவர், பாதிரியார், மாமனார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் வாய்திறந்து சொல்லும் வாக்கு எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்கத் தோன்றும். 1799இல் ரிச்மண்ட் தொகுதியில் ஜான் மார்ஷல் நின்றபோது நடந்ததாகப் பின்னாளில் ஒரு கதை எழுதினார்கள். ஊரின் இரு பாதிரியார்களும் ஒன்றாக வந்தார்களாம்; ஒருவர் மார்ஷலுக்கு வாக்களித்தாராம், மற்றவர் எதிராளிக்கு வாக்களித்து அதைச் சமன்செய்துவிட்டாராம். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. அந்தத் தேர்தலில் மார்ஷல் 108 வாக்கில் வென்றார். அவரை ஆதரித்துக் கடிதம் எழுதிக்கொடுத்தவர், வியப்பாக இருக்கும், பேட்ரிக் ஹென்றி.

சாராயமும் உண்டு. 1758இல் ஜார்ஜ் வாஷிங்டன் வர்ஜீனியாவின் அன்றைய சட்டசபைக்கு நின்றபோது அவர் செலவில் ரம், ஒயின், பீர் என்று சுமார் 160 கேலன் ஓடியது. வாக்காளர்கள் நானூறு பேர்கூட இல்லை. மேடிசனுக்கும் இதில் அனுபவம் இருந்தது. 1777இல் சட்டமன்றத்துக்கு நின்றபோது, குடியரசுக்கு இது அடுக்காது என்று ஊற்றிக்கொடுக்க மறுத்தார். சார்லஸ் போர்ட்டர் என்ற சத்திரக்காரரிடம் தோற்றார்.

இப்படிப்பட்டவருக்கு வாக்குக் கேட்டு அலைவதே கூச்சம். 1788இன் பிற்பகுதியில் அவர் நியூ யார்க்கில், சாசனத்துக்கு முந்தைய பழைய காங்கிரஸில் இருந்தார், மூல நோய் வேறு வாட்டியது. ஊருக்கு வராவிட்டால் தோற்றுவிடுவாய் என்று நண்பர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். புறப்பட்டார். வழியில் மவுண்ட் வெர்னானில் வாஷிங்டன் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு, ஆண்டின் இறுதியில் வீடு வந்து சேர்ந்தார்.

வந்ததும் காதில் விழுந்த செய்தி கவலை தந்தது. சாசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று மேடிசன் சொல்கிறார், மனச்சாட்சியின் உரிமைக்காக முன்பு நின்றவர் இப்போது கைவிட்டுவிட்டார் என்று தொகுதி முழுக்கப் பேச்சு. இது மிகவும் பாதிக்கக்கூடிய ஒரு கூட்டம் அங்கே இருந்தது: பாப்டிஸ்டுகள்.

புரட்சிக்கு முன் வர்ஜீனியாவில் ஆங்கிலிகன் திருச்சபைதான் அரசின் திருச்சபை. உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்ததாக 1768 முதல் பாப்டிஸ்ட் போதகர்களை ஸ்பாட்சில்வேனியாவிலும் கல்பெப்பரிலும் சிறையில் அடைத்தார்கள். கல்பெப்பர் சிறையில் இருந்த ஜேம்ஸ் அயர்லண்ட் என்ற போதகர் கம்பி வழியாகவே வெளியே நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்தார். 1774 ஜனவரியில், இருபத்திரண்டு வயது மேடிசன் பக்கத்து கவுண்டிச் சிறையில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் மதக் கருத்துக்காக அடைபட்டிருப்பதைப் பற்றி ஆத்திரத்தோடு நண்பருக்கு எழுதினார். ஹென்றி எல்லாக் கிறித்துவப் போதகர்களுக்கும் வரிப்பணத்தில் சம்பளம் தரும் சட்டம் கொண்டுவர முயன்றபோது, 1785இல் அதை எதிர்த்து மனு எழுதி முறியடித்தவர் மேடிசன். மறு ஆண்டு ஜெபர்சன் எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியவரும் அவரே. பாப்டிஸ்டுகளுக்கு இவரிடம் நன்றி இருந்தது. கூடவே பயமும் இருந்தது: சாசனத்தில் மதச் சுதந்திரத்துக்கு உத்தரவாதமே இல்லையே.

1789 ஜனவரி 2 அன்று ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் போதகருக்கு மேடிசன் ஒரு கடிதம் எழுதினார். மொத்தத் தேர்தலிலும் முக்கியமான ஆவணம் இதுதான். சாசனத்தில் மற்றவர்கள் பார்க்கும் பேராபத்துகளைத் தான் பார்க்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஏற்பதற்கு முன்பே திருத்தம் கேட்டதைத் தான் எதிர்த்தது உண்மை, அது ஒன்றியத்தையே குலைத்திருக்கும் என்கிறார். இப்போது நிலைமை வேறு; சாசனம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே முதல் காங்கிரஸே திருத்தங்களைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்ப வேண்டும். மனச்சாட்சியின் உரிமை முழு அளவில், பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, பொதுப்படையான சோதனை ஆணைகளிலிருந்து பாதுகாப்பு என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறார். ஏறத்தாழ இதையே வேறு இரண்டு கடிதங்களிலும் எழுதினார். அவை பத்திரிகைகளில் அச்சாயின. அதே மாதம் நடந்த ஒரு பாப்டிஸ்ட் கூட்டத்தில் ஈவ் எழுந்து மேடிசனுக்காகப் பேசினார்.

மேடிசன் கட்சி மாறிவிட்டார் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அது முழு உண்மையல்ல. உரிமைப் பட்டியல் என்பது வெறும் காகித வேலி, பெரும்பான்மை மீற நினைத்தால் மீறிவிடும் என்று 1788 அக்டோபரில் ஜெபர்சனுக்கு எழுதியவர்தான் அவர். ஆனால் அதே கடிதத்தில், சரியாக எழுதினால் தனக்கு மறுப்பில்லை என்றும் சொல்லியிருந்தார். எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்று என்றிருந்தவரை, கட்டாயம் எழுதுகிறேன் என்று சொல்லவைத்தது அந்த ஜனவரி மாதம்.

ஈவுக்கு எழுதிய கடிதத்துக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. சாசனத்தின் ஐந்தாம் பிரிவு திருத்தத்துக்கு இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, காங்கிரஸின் மூன்றில் இரண்டு பங்கு. மற்றது, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் கேட்டால் கூட்டப்படும் மாநாடு. ஹென்றி குறிவைத்தது இரண்டாவதை. நவம்பரிலேயே வர்ஜீனியா சட்டமன்றத்தை அப்படி ஒரு மாநாடு கேட்க வைத்துவிட்டார். மீண்டும் மாநாடு கூடினால் வரிவிதிக்கும் அதிகாரம் உட்பட எல்லாமே பிரிக்கப்படும் என்று மேடிசன் அஞ்சினார். காங்கிரஸ் வழிதான் வேகமானது, பாதுகாப்பானது என்று ஈவுக்கு அவர் எழுதியது இந்த அச்சத்தோடுதான்.

பிறகு இரு நண்பர்களும் சேர்ந்தே பிரசாரம் செய்தார்கள். கவுண்டி நீதிமன்றம் கூடும் நாளில் கூட்டம் தானாகச் சேரும். அங்கே போய் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது. கல்பெப்பர் கவுண்டியில் ஜெர்மானியக் குடியேறிகளின் ஹெப்ரன் லூத்தரன் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தை மேடிசன் கிழவரான பிறகும் நினைவுகூர்ந்தார். ஆராதனை முடிந்தது, இரண்டு பிடில்கள் வாசிக்கப்பட்டன, பிறகு வெளியே பனியில் நின்றபடி ஜனங்கள் இருவரின் வாதத்தையும் பொறுமையாகக் கேட்டார்கள். அந்த ஜெர்மானியர்களின் வாக்கு முடிவையே திருப்பக்கூடியது என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அன்றிரவு பன்னிரண்டு மைல் குதிரையில் வீடு திரும்பும் வழியில் மேடிசனின் மூக்கைக் குளிர் கடித்துவிட்டது. தன் போர்த் தழும்பு இது என்று பிற்காலத்தில் தொட்டுக் காட்டிச் சிரிப்பாராம். அந்த இடம் இருக்கும் பகுதிக்கு இன்று மேடிசன் கவுண்டி என்று பெயர்.

பிப்ரவரி 2, திங்கட்கிழமை, மாநிலம் முழுவதும் வாக்குப்பதிவு. ஐந்தாம் தொகுதியில் மேடிசன் 1,308. மன்றோ 972. வித்தியாசம் 336. பதிவான மொத்த வாக்கே 2,280தான்.

கவுண்டி வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆரஞ்சில் மேடிசன் 216, மன்றோ 9. கல்பெப்பரில் 256க்கு 103. லூயீசாவில் 228க்கு 124. ஆல்பமார்லில் 174க்கு 105. மன்றோ முந்திய இடங்கள் நான்கு. ஆம்ஹர்ஸ்ட்டில் மன்றோ 246, மேடிசன் 145. சொந்த ஊரான ஸ்பாட்சில்வேனியாவில் 189க்கு 115. ஃபுளுவானாவில் 63க்கு 42. கூச்லண்டில் 133க்கு 132, ஒரே ஒரு வாக்கு.

இந்த எண்களை ஜூன் மாநாட்டின் வாக்குகளுக்கு அருகில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. சாசனத்துக்கு எதிராக ஆள் அனுப்பிய ஐந்து கவுண்டிகளில் நான்கு அப்படியே மன்றோ பக்கம் நின்றன. மாறியது கல்பெப்பர் ஒன்றுதான், அதுவும் 153 வாக்கு வித்தியாசத்தில். பாப்டிஸ்டுகளும் ஜெர்மானியரும் நிறைந்த கவுண்டி அது. கடிதமும் பனியில் நின்ற பேச்சும் வேலை செய்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

ஆனால் மேடிசனைக் கல்பெப்பர்தான் காப்பாற்றியது என்று சொல்ல முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்பெப்பரின் எண்களை அப்படியே தலைகீழாக்கி, 256ஐ மன்றோவுக்கும் 103ஐ மேடிசனுக்கும் கொடுத்தால், மொத்தம் 1,155க்கு 1,125. அப்போதும் மேடிசனே வெல்கிறார், முப்பது வாக்கில். வெற்றியின் முதுகெலும்பு ஆரஞ்ச். அங்கே மட்டும் 207 வாக்கு முன்னிலை. தன் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்த வாக்குகள் என்று சொல்லலாம். ஒரு போதகர் எழுந்து பேசியதால் வரலாறு திரும்பியது என்ற அழகான கதையை இந்தக் கணக்கு கொஞ்சம் தணிக்கிறது. ஆனால் முழுக்க மறுக்கவில்லை. பாப்டிஸ்டுகள் கல்பெப்பரில் மட்டும் இருக்கவில்லை, ஆரஞ்சிலும் லூயீசாவிலும் இருந்தார்கள். ஈவின் திருச்சபையே ஆரஞ்சில்தான் இருந்தது. முப்பது வாக்கு என்பது ஒரு கவுண்டியில் நாலைந்து குடும்பங்கள் மனம் மாறினால் மறையக்கூடிய இடைவெளி. அதை ஜனவரியில் யாரும் முன்கூட்டி அறிந்திருக்கவும் முடியாது. தோற்றுவிடுவோம் என்று உண்மையாகவே அஞ்சிய ஒருவர் கொடுத்த வாக்குறுதி அது.

நட்பு கெடவில்லை. அரசியல் வேறுபாட்டையும் தனிப்பட்ட உறவையும் இருவருமே பிரித்து வைத்துக்கொண்டோம் என்று மார்ச் மாதம் மேடிசன் ஜெபர்சனுக்கு எழுதினார்.

காங்கிரஸ் ஏப்ரல் முதல் வாரம்தான் போதுமான உறுப்பினர்களோடு நியூ யார்க்கில் கூடியது. மே 4 அன்று மேடிசன் எழுந்து, மாதக் கடைசியில் சாசனத் திருத்தங்களைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். மறுநாள் வர்ஜீனியாவின் இன்னோர் உறுப்பினரும் ஹென்றியின் கூட்டாளியுமான தியோடோரிக் பிளாண்ட், இரண்டாவது மாநாடு கேட்கும் வர்ஜீனியா சட்டமன்றத்தின் தீர்மானத்தைச் சபையில் வைத்தார். அதற்கு மறுநாள் நியூ யார்க்கின் தீர்மானமும் வந்தது. ஒரே ஒரு நாள் முந்திக்கொண்டார் மேடிசன். நாட்களைப் பார்க்கும்போது இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 8 அன்று திருத்தங்களைச் சபையில் வைத்தபோது யாருக்கும் உற்சாகமில்லை. கஜானா காலி, சுங்கவரி முடியவில்லை, இதற்கென்ன இப்போது அவசரம் என்று சாசன ஆதரவாளர்களே முணுமுணுத்தார்கள். மேடிசனுக்கே சலித்துப்போயிற்று. ஆகஸ்ட் மாதம் பென்சில்வேனியாவின் ரிச்சர்ட் பீட்டர்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இது குமட்டும் வேலை என்றே சொல்கிறார். பிறகு ஏன் செய்கிறார் என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் ஒன்று, நேர்மையான மனிதனாகச் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன் என்பது. வர்ஜீனியாவில் வேட்பாளர்கள் தேர்தலின்போது இப்படி இணங்கிப் பேசியிராவிட்டால் அந்த மாநிலத்திலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே சாசனத்தின் எதிரிகளாக இருந்திருப்பார்கள் என்றும் எழுதுகிறார். தேர்தல் வாக்குறுதிக்கும் உரிமைப் பட்டியலுக்கும் இருந்த தொடர்புக்கு வாக்குறுதி கொடுத்தவரே எழுதித் தந்த சாட்சியம் இது.

ஹென்றிக்கு இதில் நேர்ந்தது விசித்திரம். மேடிசனை செனட்டுக்கு விட்டிருந்தால், சட்டமன்றத்துக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு அவர் இருந்திருப்பார். எந்தப் பாப்டிஸ்டுக்கும் எந்த வாக்குறுதியும் தேவைப்பட்டிருக்காது. மக்களிடம் துரத்தியதால்தான் திருத்தம் அவர் கையில் ஏறியது. அவர் கையில் ஏறியதால் இரண்டாவது மாநாட்டுக்கான நெருக்கடி தணிந்தது. மத்திய அரசின் வரி அதிகாரத்தில் கைவைக்காத, தனிமனித உரிமைகளை மட்டும் பேசும் திருத்தங்களாக அவை அமைந்தன. ஹென்றி கேட்டது இதுவல்ல. செனட்டிலிருந்து லீயும் கிரேசனும் திருத்தங்கள் போதவே போதாது என்று ரிச்மண்டுக்குப் புகார்க் கடிதம் எழுதினார்கள். 1789 செப்டம்பரில் காங்கிரஸ் அனுப்பிய பன்னிரண்டு திருத்தங்களை வர்ஜீனியா மேலவை இரண்டாண்டு இழுத்தடித்தது. கடைசியில் 1791 டிசம்பர் 15 அன்று ஒப்புதல் தந்தது. பன்னிரண்டில் பத்து சட்டமாகத் தேவைப்பட்ட பதினோராவது மாநிலம், அந்தச் சட்டமன்றமேதான்.

மன்றோ அதிக நாள் காத்திருக்கவில்லை. 1790இல் கிரேசன் இறந்ததும் அந்த ஆண்டே செனட்டர் ஆனார். மேடிசன் 1809இல் ஜனாதிபதியானார், மன்றோ அவருக்கு வெளியுறவுச் செயலராக இருந்து 1817இல் அடுத்த ஜனாதிபதியானார். 1829இல் வர்ஜீனியா தன் மாநிலச் சாசனத்தைத் திருத்தக் கூட்டிய மாநாட்டுக்கு இரு கிழவர்களும் போனார்கள். மன்றோவைத் தலைவராக முன்மொழிந்தவர் மேடிசன். நிலமில்லாதவருக்கு வாக்குத் தரலாமா என்பதே அங்கே பெரிய சண்டை. வெள்ளை ஆண்கள் அனைவருக்கும் வர்ஜீனியாவில் வாக்கு கிடைத்தது 1851இல்தான். வாயால் சொல்லி வாக்களிக்கும் முறையோ உள்நாட்டுப் போர் வரை நீடித்தது.

1788இல் ஹென்றியின் சட்டமன்றம் விதித்த வசிப்பு நிபந்தனைக்கும் வரைந்த தொகுதிக் கோட்டுக்கும் பின்னாளில் நீதிமன்றத்தில் விடை கிடைத்தது. சாசனம் சொல்லாத தகுதி எதையும் காங்கிரஸ் வேட்பாளருக்கு மாநிலங்கள் விதிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல், ஆர்க்கன்சா மாநிலத்தின் வழக்கொன்றில், தீர்ப்பளித்தது. பன்னிரண்டு மாத வசிப்பு நிபந்தனை இன்று செல்லாது. தொகுதிக் கோட்டை ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாக வரைவதைப் பற்றி 2019இல் அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சொன்னது: மத்திய நீதிமன்றங்கள் இதில் தலையிட முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கோட்டை இன்றும் சட்டமன்றமே வரைகிறது.